மணிலாவில் பார்த்ததை மதுரையில் எப்படிப் பேசுவது? எச்.ஐ.வி. பரிசோதனை பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: தெப்பக்குளத்துப் பையன்

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நான் மதுரைக்காரன். பிலிப்பைன்ஸில் மருத்துவம் படித்துவிட்டு வந்து, இப்போது வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்களை விரும்புகிற ஆண். வீட்டுக்குத் தெரியாது.

மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பின்யாஸில் தமிழ்ப் பையன்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தோம். மாடியில் ஒரு பிலிப்பினோ அண்ணன். கால் சென்டரில் இரவு வேலை. எல்லோரும் அவரைக் குயா என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அண்ணன். தான் எப்படிப்பட்டவன் என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. என்னைப் பற்றியும் நான் சொல்லாமலே புரிந்துகொண்டார். ஒருநாள் காலையில் வேலை முடிந்து வந்தவர், படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "ஊரார் ரத்தத்தைப் பற்றியெல்லாம் படிக்கிறாய். உன் ரத்தத்தைப் பார்த்திருக்கிறாயா?"

அந்த வாரமே மண்டலுயோங்கில் 'லவ்யுவர்செல்ஃப்' என்கிற அமைப்பு நடத்தும் மையத்துக்குக் கூட்டிப்போனார். 2011-ல் சில இளைஞர்கள் சேர்ந்து ஆரம்பித்த அமைப்பு அது. ஆலோசனை சொன்னவர் சம்பளத்துக்கு வந்தவர் அல்ல, தன்னார்வலர், நம்மைப் போன்றவர். யாரோடு, எப்படி, ஆணுறை போட்டீர்களா, ஜெல் என்ன பயன்படுத்தினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "சாப்பிட்டீர்களா, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்" என்று விசாரிக்கிற அதே முகம். ரத்தம் எடுத்து, முடிவும் அங்கேயே சொன்னார்கள். காசு வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன்கள் சினிமாவுக்கு வந்த மாதிரிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குயா மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அங்கே போவார், போகும்போதெல்லாம் புதிதாக ஒருவனைக் கூட்டிப்போவார். அவரோடு அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவர் கடைசிவரை பரிசோதனை செய்துகொள்ளாமலே நிமோனியாவில் போய்விட்டாராம். அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. 1984-ல் முதல் நோயாளி பதிவானதிலிருந்து இருபது வருடங்களுக்கு மேல் அந்த நாட்டில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருந்தது. அப்புறம்தான் விறுவிறுவென்று ஏறியது, அதில் பெரும்பங்கு ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்கள், அதிலும் இளைஞர்கள். 2025-ன் முதல் மூன்று மாதங்களில் சராசரியாக ஒரு நாளைக்கு 57 பேருக்குப் புதிதாகக் கண்டறிந்திருக்கிறார்கள். அந்த வருடம் ஜூனில் சுகாதாரச் செயலர் டெட் ஹெர்போசா, இதைத் தேசிய அவசரநிலையாக அறிவிக்க வேண்டும் என்றே சொன்னார். 2018-ல் கொண்டுவந்த சட்டம் 15 வயதிலிருந்தே பெற்றோர் அனுமதி இல்லாமல் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்கிறது. மிஸ் யூனிவர்ஸ் ஆன பியா உர்ட்ஸ்பாக் இந்த விஷயத்துக்காக ஐ.நா.வின் எய்ட்ஸ் திட்டத்துக்குத் தூதரானார். இவ்வளவு இருந்தும் ஏறுகிறது. பள்ளியில் யாரும் வாய் திறப்பதில்லை, எல்லாவற்றையும் போனில்தான் கற்றுக்கொண்டோம் என்று குயாவே சொல்லியிருக்கிறார். 2016-ல் அரசாங்கம் பள்ளிகளில் ஆணுறை கொடுக்கலாம் என்று ஒரு திட்டம் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் அது நின்றுபோனது.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். இரண்டு இருக்கிறது.

ஒன்று, டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்துக்கு இங்கே ஒரு கல்லூரியில் செஞ்சுருள் சங்கத்தில் (எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான மாணவர் சங்கம்) பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'வருங்கால டாக்டர்' என்று போஸ்டரே அடித்துவிட்டார்கள். ஆனால் "ஆணும் ஆணும் விஷயமெல்லாம் வேண்டாம் தம்பி, பையன்கள் கெட்டுப்போவார்கள்" என்று பொறுப்பாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் பேசினால் நான் அங்கே போய் என்ன பயன்?

இரண்டாவது, என் நண்பன். டேட்டிங் ஆப்பில் பழக்கமாகி இப்போது கூடப்பிறந்தவன் மாதிரி. தை மாதம் அவனுக்குக் கல்யாணம், பெண் பார்த்துப் பூ வைத்தாகிவிட்டது. பரிசோதனைக்கு வா என்றால், "எனக்கெல்லாம் வராதுடா, நான் பார்க்கிற ஆட்கள் எல்லாம் டீசன்ட்" என்கிறான். பெரியாஸ்பத்திரியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிறான். குயா என்னை ஒரு கேள்வியில் எழுப்பிக் கூட்டிப்போனார். எனக்கு அந்தக் கேள்வி வரமாட்டேன் என்கிறது. என்ன சொல்லலாம்?


பதில்: கோரிப்பாளையம் அண்ணன்

தம்பி, வணக்கம். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. நானும் நம் ஆள்தான். இந்தத் தடுப்பு வேலையில் களப்பணியாளராக மதுரை, மேலூர், திருமங்கலம் என்று நிறைய அலைந்தவன். உன் நண்பன் சொன்ன "எனக்கெல்லாம் வராது" என்பதை நான் கேட்காத வருடம் இல்லை.

அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தில். அதற்கப்புறம் வந்த விளம்பரம், தெருக்கூத்து, பேருந்து நிலையப் பலகை எல்லாமே ஆண், பெண், மனைவி, 'தவறான தொடர்பு' என்றே இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஊரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று எழுதியிருக்கும், உனக்கு ஞாபகம் இருக்காது. சின்னப்பிள்ளை வரைக்கும் அதைச் சொல்லும். நல்ல விளம்பரம், நிறையப் பேரைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பையன்கள் அதைப் பார்த்து என்ன எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? "புள்ளிராஜா பொம்பளைகிட்ட போறவன். நாம போறதில்லையே." இதை என்னிடம் ஒரு லாரி கிளீனர் பையன் அப்படியே சொன்னான். சொன்னபோது அவன் உடம்பில் ஏற்கெனவே கிருமி இருந்தது.

இன்னும் அதே கதைதான். உன் நண்பனுக்கு எச்.ஐ.வி. என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. கேட்டால் அது பரவுகிற நாலு வழியும் ஒப்பிப்பான். அவனுக்கு யாருமே "நீ செய்கிறாயே, அதில் வரும்" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை, அவ்வளவுதான். உன் குயா செய்தது அதைத்தான்.

அவனிடம் கல்யாணத்தைப் பற்றி முதலில் எடுக்காதே. எடுத்தால் வாயை மூடிவிடுவான். எண்ணெயிலிருந்து ஆரம்பி. சிரிக்காதே, நிஜமாகச் சொல்கிறேன். நம் ஊரில் ஆணுறை போடுகிறவன்கூட முக்கால்வாசிப் பேர் கூடவே தேங்காய் எண்ணெயைத் தொடுகிறான், இல்லாவிட்டால் வாசலின். இரண்டும் ஆணுறையின் லேட்டக்ஸ் ரப்பரை அரித்துவிடும். நான் கூட்டங்களில் செய்து காட்டுவேன். ஒரு நிரோத்தை ஊதி முடிச்சுப் போட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு மேலே தேய்த்துக்கொண்டே பேசுவேன். பேச்சு நடுவில் பட்டென்று வெடிக்கும். அறை முழுக்க அமைதியாகிவிடும். அப்புறம் ஒருத்தன் மெதுவாகக் கேட்பான், "அண்ணே, அப்ப இத்தனை நாளா...?" அந்தக் கேள்வியை அவன் வாயிலிருந்தே வரவைக்க வேண்டும். எண்ணெய் இல்லாத, தண்ணீரில் செய்த ஜெல் மெடிக்கலில் கிடைக்கும், திட்டங்களில் இலவசமாகவும் கொடுக்கிறோம்.

அடுத்து, பெரியாஸ்பத்திரி பயம். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால் வருகிற பயம் அது. அரசு இராஜாஜி மருத்துவமனையில் 'நம்பிக்கை மையம்' என்று போட்டிருக்கும். காலையில் போங்கள். ஒரு ஆலோசகர் தனியறையில் பேசுவார், சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரத்தம் எடுப்பார்கள். முடிவைச் சம்பந்தப்பட்டவர் கையில் மட்டும்தான் கொடுப்பார்கள், அப்போதும் உட்காரவைத்துப் பேசித்தான் கொடுப்பார்கள். எல்லாம் இலவசம். முதல் சோதனையில் கிருமி இருப்பது போலக் காட்டினால் அதோடு முடிவு சொல்லிவிட மாட்டார்கள். வெவ்வேறு வகைக் கிட்டில் மூன்று முறை பார்த்த பிறகுதான் சொல்வார்கள். கர்ப்பிணிப் பெண்கள் எல்லோரும் இந்தப் பரிசோதனைக்கு வருகிறார்கள், காசநோய்க்காரர்கள் வருகிறார்கள், ஆப்பரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் வருகிறார்கள். அங்கே ஒருவன் நிற்பதைப் பார்த்து யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அப்படியும் கூச்சமாக இருந்தால் வேறு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். மதுரைக்காரன் உசிலம்பட்டிக்குப் போவதும் உசிலம்பட்டிக்காரன் மதுரைக்கு வருவதும் எங்களுக்குப் பழகிய விஷயம். போனிலேயே கேட்க வேண்டுமென்றால் 1097, தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

போனவுடன் எச்.ஐ.வி. மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்துக்கும் போய் மேகநோய்க்கு (சிபிலிஸ்) பாருங்கள். வலிக்காத புண் ஒன்று வந்து தானாக ஆறிப்போயிருக்கும், ஆள் மறந்தே போயிருப்பான், ரத்தத்தில் இருக்கும். பென்சிலின் ஊசியில் சரியாகிற நோயை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள்காமாலைக் கிருமி பி, சி இரண்டுக்கும் பார்த்துக்கொள்வது நல்லது.

கல்லூரிப் பேச்சைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான். 'ஆணும் ஆணும்' என்ற வார்த்தையை ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கு. கடைசி பெஞ்சில் ஒருத்தன் அதற்காகக் காத்துக்கொண்டிருப்பான்.


பதில்: விருதுநகர் வாத்தியார்

நான் ஒரு கல்லூரியில் செஞ்சுருள் சங்கத்தைப் பார்த்துக்கொள்பவன். அந்தப் பொறுப்பாளர் பக்கமிருந்தும் கொஞ்சம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அவர் கெட்ட மனிதராக இருக்க வாய்ப்பில்லை. மறுநாள் ஒரு அப்பா வந்து முதல்வர் அறையில் கத்தினால் அவர்தான் போய் நிற்க வேண்டும். அண்ணன் சொல்வது போல எடுத்த எடுப்பில் சொன்னால் அடுத்த வருடம் யாரையுமே பேசக் கூப்பிட மாட்டார்கள். நான் செய்கிற வழி வேறு. ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்வேன். கிருமி உள்ள ஒருவரோடு பாதுகாப்பில்லாமல் உறவு வைத்தால் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஆபத்து என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. பிறப்புறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு 10,000-க்கு 8. ஆசனவாய் வழி ஏற்றுக்கொள்பவருக்கு 10,000-க்கு 138. குடலின் உள்தோல் ஒரே அடுக்கு செல்லால் ஆனது, சுலபமாகக் கிழியும், காரணம் அதுதான். இதைக் கரும்பலகையில் எழுதினால் உயிரியல் வகுப்பு. யாரும் எதிர்ப்புச் சொன்னதில்லை. கேட்க வேண்டியவனுக்குக் கேட்டுவிடும்.

இன்னொன்று, சீட்டுப் பெட்டி. பேச்சுக்கு முந்தின நாளே ஒரு அட்டைப்பெட்டியை நூலகத்தில் வைத்துவிடுங்கள். பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம் என்று சொல்லுங்கள். மேடையில் வைத்தால் போட மாட்டார்கள், நூலகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போடுவார்கள். நான் வைத்த எல்லா வருடமும் அந்தக் கேள்வி வந்திருக்கிறது. "ஹாஸ்டல்ல ஃபிரண்டோட இருந்தேன். நாங்க ரெண்டு பேரும் பசங்க. எய்ட்ஸ் வருமா?" பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருப்பான், பின்பக்கம் தடவினால் எழுத்து கைக்குத் தட்டுப்படும். மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதை எந்த முதல்வராலும் தடுக்க முடியாது. பொறுப்பாளருக்கும் பாதுகாப்பு.


பதில்: கோரிப்பாளையம் அண்ணன்

சீட்டுப் பெட்டி அருமை சார், அதை நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 'செயலைச் சொல், ஆளைச் சொல்லாதே' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. முப்பது வருடமாக ஆளைச் சொல்லாமல் விட்டதால்தான் அவன் தன்னை அதில் சேர்க்கவே இல்லை. 138 என்ற எண்ணைக் கேட்டுவிட்டு, "இது வேறு யாருக்கோ" என்று எழுந்து போகிறவனைத் தினமும் பார்க்கிறேன்.


பதில்: மேலூர்ப்பக்கம்

தெப்பக்குளத்துத் தம்பி, உன் நண்பனுக்காக இதை எழுதுகிறேன். வேண்டுமானால் அவனிடம் காட்டு.

எனக்குக் கிருமி இருக்கிறது. கல்யாணமாகி, மனைவி மாசமாக இருந்தபோது எடுத்த பரிசோதனையில்தான் வெளியே வந்தது. அவளுக்கு முதலில், அப்புறம் எனக்கு. நானும் டீசன்ட் ஆட்களைத்தான் பார்த்தேன். வேட்டி கசங்காதவர்கள், நல்ல வேலையில் இருந்தவர்கள். கிருமிக்கு அதெல்லாம் தெரியவில்லை.

பிள்ளை நன்றாகப் பிறந்தான். அவளுக்கு உடனே மாத்திரை ஆரம்பித்தார்கள், பிறந்ததும் குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள், பிறகு செய்த எல்லாச் சோதனையிலும் அவனுக்கு இல்லை என்றே வந்தது. இன்று பள்ளிக்கூடம் போகிறான். நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்திருக்கலாம்ல?"

நான் பட்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலில் சந்தேகம் வந்தபோது ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். என்னிடம் கேட்காமலே எனக்கும் சோதித்து, முடிவை வராந்தாவில் நின்ற என் மச்சானிடம் சொல்லிவிட்டார்கள். அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அப்போது எனக்குச் சட்டம் தெரியாது. எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2017-ல் வந்து 2018 செப்டம்பர் 10-லிருந்து அமலில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை இப்படி மூன்றாவது ஆளிடம் சொல்லக் கூடாது, இதைக் காரணம் காட்டி வேலையை விட்டுத் தூக்கக் கூடாது, சிகிச்சை மறுக்கக் கூடாது. அதே மாதம் 6-ம் தேதிதான் உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவிலிருந்து நம்மை விடுவித்தது. இந்த இரண்டு தேதியும் நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எச்.ஐ.வி.க்கு மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுக்கிற மாத்திரை ஒரு நாளைக்கு ஒன்றுதான். டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கூடவே போடக் கூடாது, இடைவெளி விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முன்பெல்லாம் சி.டி.4 என்கிற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை குறைந்த பிறகுதான் மருந்து கொடுப்பார்கள், 2017-லிருந்து தெரிந்தவுடனே ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இப்போது ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. இப்படிக் குறைந்து, மருந்தையும் விடாமல் எடுத்துக்கொண்டால் உறவின் மூலம் இன்னொருவருக்குப் பரவாது. இது ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு இல்லை தம்பி. ஐரோப்பாவில் ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகளை வருடக்கணக்கில் கவனித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆணுறை இல்லாமல் 76,000 தடவைக்கு மேல் உறவு, துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இதை எனக்கு ஆலோசகர் அக்கா சொன்ன அன்று நான் மாட்டுத்தாவணிக்கு நடந்தே போனேன், பஸ் ஏறவே தோன்றவில்லை.

உன் நண்பன் பயப்படுவது முடிவைப் பார்த்தா, ஊரைப் பார்த்தா என்று கேள். பெரும்பாலும் ஊரைப் பார்த்துத்தான். முடிவு இருக்கிறது என்று வந்தாலும் வாழலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் அவள் தலையில் இதை ஏற்றக் கூடாது. இல்லை என்று வந்தால், அதற்கப்புறம் இந்தக் கல்யாணம் நடக்கத்தான் வேண்டுமா என்று அவன் நிம்மதியாக உட்கார்ந்து யோசிக்கட்டும். அது தனி விஷயம், அதற்கு நான் நியாயம் சொல்ல முடியாது.


பதில்: வைகைக்கரை

மேலூர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம்.

நான் துபாயில் ஓட்டலில் வேலை பார்த்தவன். என்னோடு இருந்த பிலிப்பினோ பையன்களில் நம்மைப் போன்றவர்கள் நிறைய. ஊரில் இருந்தவரை சோதித்துக்கொண்டே இருந்தவர்கள்கூட வளைகுடாவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும், அங்கே கிருமி இருப்பதாக முடிவு வந்தால் விசா போய்விடும், விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பையன்களுக்கு ஊரிலிருந்து புறப்படும் முன் அரசு வகுப்பில் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள், அவர்கள் சட்டமே அப்படி. தெரிந்தும் என்ன செய்வது? சோதனை செய்தால் சோறு போய்விடும் என்றால் யார் செய்வார்? நம் ராமநாதபுரம், சிவகங்கைப் பையன்களுக்கும் இதே கதைதான். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இங்கே பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

இன்னொரு விஷயம், இரண்டு மருந்து இருப்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. ஆணுறை கிழிந்துவிட்டது, பயமாக இருக்கிறது என்றால் 72 மணி நேரத்துக்குள் மருந்து ஆரம்பித்து 28 நாள் எடுத்தால் தடுக்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், திங்கள் பார்க்கலாம் என்று விடாமல் நேரே அவசரப் பிரிவுக்கோ ஏ.ஆர்.டி. மையத்துக்கோ போய்க் கேளுங்கள். இன்னொன்று ப்ரெப், உறவுக்கு முன்பே போடுகிற மாத்திரை. டாக்டர் சீட்டோடு மெடிக்கலில் வாங்கலாம். ஆரம்பிக்கும் முன் எச்.ஐ.வி., சிறுநீரகம், மஞ்சள்காமாலை பி மூன்றும் பார்த்திருக்க வேண்டும். நண்பன் தருகிறான் என்று இரண்டு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது வேண்டாம். அது மேகநோயையும் வெட்டை நோயையும் (கொனோரியா) தடுக்காது, ஆணுறைதான் பெருமளவு தடுக்கும்.


பதில்: தெப்பக்குளத்துப் பையன்

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை, நடந்ததைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

பேச்சு நடந்தது. வாத்தியார் சொன்னபடி சீட்டுப் பெட்டியை நூலகத்தில் வைக்கச் சொன்னேன். நான் நினைத்ததைவிட நிறையச் சீட்டு. பாதி கொசு கடித்தால் வருமா ரகம். ஒன்றில் "டாக்டர், பசங்களோட மட்டும் இருந்தா செக் பண்ணணுமா" என்று இருந்தது. அதை மைக்கில் அப்படியே படித்தேன். ஆமாம், பண்ண வேண்டும், ஆணும் ஆணும் உறவு வைத்தாலும் வரும், அதில் ஆபத்து அதிகம் என்று சொல்லி, எங்கே போகலாம் என்பதையும் சொன்னேன். கொஞ்சம் சிரிப்புச் சத்தம் வந்தது. பொறுப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்து வெளியே வந்தபோது "அந்தச் சீட்டு போட்ட பையன் யாரென்று தெரியவில்லை, பாவம்" என்று மட்டும் சொன்னார். தேங்காய் எண்ணெய் விஷயத்தை மேடையில் செய்து காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை, வாயால் சொன்னேன்.

நண்பனிடம் மேலூர் அண்ணன் எழுதியதைக் காட்டினேன். முழுக்கப் படித்தான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எப்ப போறோம்?" என்றான். இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம், இரண்டு பேருமே ரத்தம் கொடுத்தோம். அவனுடைய முடிவை நான் இங்கே எழுத மாட்டேன், அது அவனுடையது. அந்த ஆலோசகர் அவனோடு ரொம்ப நேரம் பேசினார், வெளியே வந்ததும் அவனே அவரைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னான்.

ஒரு சந்தேகம் அண்ணே. எனக்குத் தெரிந்த இன்னும் மூன்று பேர் வரத் தயார். ஆனால் எல்லோரும் கடை, கம்பெனி வேலை. காலையில் லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். மணிலா பக்கம் கேசோன் நகரில் 'கிளினிகா பெர்னார்டோ' என்று மாநகராட்சியே நடத்தும் மையம் ஒன்று இருந்தது. பிற்பகலில் திறந்து இரவு வரை இருக்கும், வேலை முடித்தவர்கள் வருவதற்காகவே அப்படி நேரம் வைத்திருந்தார்கள். இங்கே அப்படி ஏதாவது உண்டா?


பதில்: கோரிப்பாளையம் அண்ணன்

இருக்கிறது தம்பி. ஆண்களுக்காக வேலை செய்கிற தடுப்புத் திட்டங்களில் சாயங்காலம் முகாம் போட்டு விரலில் குத்திப் பார்க்கிறோம், கொஞ்ச நேர வேலை. அதில் இருப்பது போலக் காட்டினால் மட்டும் நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப்போய் உறுதி செய்வோம், அந்த ஒரு காலைக்கு நானே கூட வருவேன். 1097-ல் மதுரையில் ஆண்களுக்கான திட்டம் என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். மூன்று பேருக்கும் எந்தக் கிழமை வாரவிடுமுறை என்று எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பு.

அவர்களிடம் இதையும் சொல்லிவிடு. கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் இருந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், இப்போது இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். அந்தத் தேதியை அன்றைக்கே போனில் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்.